நூலகத்துக்கு உயிர் கொடுப்பவர்

பாடசாலை நூலகம் என்றதும் நம்மவர் முதலில் வினாவுவது, அங்கே எத்தனை நூல்கள் உள என்பதையேயாம். ஆயிரம் என்றால் மகிழ்வர். ஐயாயிரம் என்றால் வியப்பர். அந்நூல்களை மாணவர் கையிற் சேர்ப்பவர் யார், அவர் அப்பணிக்குரிய பயிற்சி பெற்றவரா என வினாவுவார் மிகச் சிலரே. ஆயினும், ஒரு பாடசாலை நூலகம் வாழ்வதும் மாள்வதும் இந்த இரண்டாவது வினாவுக்குரிய விடையைப் பொறுத்தே அமைகின்றன.

பல பாடசாலைகளில் நடைபெறுவதை நாம் அறிவோம். நேரசூசியிலே பாடவேளைகள் சற்றுக் குறைந்த ஆசிரியர் ஒருவரிடம் நூலகத்தின் திறப்பு ஒப்படைக்கப்படுகின்றது. அவர் நூல்களை நேசிப்பவராகவே இருக்கலாம். எனினும், ஒரு நூல் தொலைந்தால் கணக்கெடுப்பின்போது தாமே விடை கூறல் வேண்டுமே என்ற அச்சம் அவரை வாட்டுகின்றது. அதனால் அலுமாரி பூட்டப்படுகின்றது. கண்ணாடிக்கு அப்பால் நூல்கள் தூசி படிந்து துயில்கின்றன. இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியாற் பிணைத்து வைத்தனர் என்று படித்து நாம் நகைக்கின்றோம். நம் அலுமாரிப் பூட்டுக்கும் அச்சங்கிலிக்கும் வேற்றுமை யாது?

1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த மக்கள் நாம். ஆகவே, எஞ்சிய நூலைப் பொன்போலக் காக்க விழைதல் இயல்பே. ஆனால், பூட்டி வைப்பதனால் தாள் காக்கப்படுமேயன்றி அறிவு வளராது.

பயிற்சி ஒருவரை எவ்வாறு மாற்றும் என்பதற்கு எஸ். ஆர். ரங்கநாதனின் வரலாறே தக்க சான்று. சீர்காழியில் 1892 இல் பிறந்த அப்பெரியார் ஆசிரியத் தொழிலுக்கே பயின்றவர். சென்னை மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். 1924 ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது நூலகராக நியமனம் பெற்றார். நூலகப் பணியின் தனிமை அவருக்குச் சலிப்பைத் தந்தது; மீண்டும் வகுப்பறைக்கே செல்ல விரும்பினார். அவ்வாண்டே இங்கிலாந்து சென்று இலண்டனில் நூலகக் கல்வி பயின்றபோதுதான் அவர் உள்ளம் மாறியது. அங்கே பல நூலகங்களைப் பார்வையிட்டார். சிறுவரும் தொழிலாளரும் மகளிரும் நூல்நாடி வருதலைக் கண்டார். 1925 இல் தாயகம் திரும்பியவர் பின்னர் வகுப்பறையை நாடவில்லை. சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாக 1929 இல் நூலகர் பயிற்சி வகுப்புத் தொடங்கக் காரணராயினார். 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக்கினார். நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே உரியன என்பதே அவற்றுள் முதலாவது விதியின் சாரம். 1959 இல் திறக்கப்பெற்ற நம் யாழ்ப்பாண நூலகத்தின் அமைப்புக்கு ஆலோசனை வழங்கியவரும் அவரே. சலிப்புற்றிருந்த ஒரு கணித ஆசிரியரை உலகறிந்த நூலகராக ஆக்கியது பயிற்சியேயாம்.

அப்பயிற்சி பாடசாலை நூலகருக்கு எவற்றைத் தரும்? முதலாவது, ஒழுங்கு. தூயி தசமப் பகுப்பின்படி வானியல் 520, தாவரவியல் 580, தமிழிலக்கியம் 894.811. இவ்வெண்களின்படி நூல்களை அடுக்கிவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் தான் விரும்பும் நூலைத் தானே எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, வினாவை விளங்கிக்கொள்ளும் ஆற்றல். “வானத்தைப் பற்றி ஒரு புத்தகம் வேண்டும், சேர்” என்று கேட்கும் பிள்ளைக்கு உண்மையில் வேண்டியது சூரிய கிரகணத்தின் விளக்கமாக இருக்கலாம். இரண்டொரு வினாக்களால் அதனை அறிந்து, அப்பிள்ளையின் வயதுக்கேற்ற நூலை எடுத்துக்கொடுத்தல் ஒரு கலை. அது கற்றும் பழகியுமே கைவரும்.

மூன்றாவது, கழித்தலும் தெரிதலும். காலங்கடந்த பூமிசாத்திர நூல் மாணவருக்குத் தவறானதையே கற்பிக்கும். எதனை நீக்குவது, எதனை வாங்குவது எனத் துணிவதற்குப் பயின்ற கண் வேண்டும்.

இப்பயிற்சிக்கு நம் நாட்டில் வழியில்லாமலில்லை. 1960 இல் தோன்றிய நூலகச் சங்கம் நூலகவியற் பாடநெறிகளை நடத்தி வந்துள்ளது. 1999 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் அமைக்கப்பெற்றது. ஆசிரிய நூலகர்களைப் பயிற்றுதல் அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. அதே ஆண்டில் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட பாடசாலை நூலகப் பிரகடனமும், நூலகர் தொழிற்றகைமை உடையவராதல் வேண்டும் என வற்புறுத்துகின்றது.

ஆயினும், ஒருமுறை பெற்ற சான்றிதழ் ஓய்வுபெறும்வரை போதுமெனக் கருதலாகாது. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்திலே ஈழத்துப் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் இன்று மாணவர் வீட்டிலிருந்தே வாசிக்கலாம். அதற்கு வழிகாட்டவும், இணையத்திற் காணப்படுவனவற்றுள் மெய்யெது பொய்யெது எனப் பகுத்தறியக் கற்பிக்கவும் நூலகர் தாமும் இடையறாது கற்றல் வேண்டும். அயற் பாடசாலை நூலகர்கள் தவணைக்கொரு முறை ஒருங்குகூடித் தத்தம் அனுபவங்களைப் பரிமாறிக்கொள்வதற்குப் பெரும் பணமும் வேண்டியதில்லை.

அதிபர்கள் நூலகருக்கு நேரசூசியில் உரிய நேரம் ஒதுக்குவாராக; பயிற்சி வகுப்புக்குச் செல்ல விடுமுறையும் அளிப்பாராக. இயல்பான தேய்வாலும் வாசிப்பாலும் குறையும் நூலுக்கு அவரைக் குற்றவாளியாக்காதிருப்பாராக. பழைய மாணவர் சங்கங்கள் அலுமாரி வழங்கும் ஆண்டிலேயே நூலகர் ஒருவரின் பயிற்சிச் செலவையும் ஏற்றல் சாலும்.

பெற்றோர்க்கும் ஒரு கடமையுண்டு. பரீட்சைப் புள்ளியைக் கேட்கும் அதே ஆர்வத்தோடு, “இக்கிழமை பாடசாலை நூலகத்திலிருந்து எந்த நூல் கொண்டுவந்தாய்?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். “நூலகம் பூட்டு” என்பது விடையாயின், அடுத்த பெற்றோர் கூட்டத்திலே எழுந்து அதன் காரணத்தை வினாவுங்கள்.