கூரைத் தூசும் வயிற்றறைப் புற்றுநோயும்

அஸ்பெஸ்டஸ் எனப்படும் கல்நாரினால் வரும் நோய் என்றதும் நுரையீரலே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின் அத்தூசுக்கே பெரிதும் உரிய மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் நுரையீரலுக்குள் தோன்றுவதன்று. நுரையீரலைப் போர்த்திய சவ்விலும், சிலவேளை வயிற்றறையையும் குடலையும் போர்த்திய சவ்விலும் அது தோன்றுகின்றது. தென்னாபிரிக்காவின் கேப் மாகாணத்து நோயாளர் 33 பேரை ஆதாரமாகக் கொண்டு, 1960இல் வாக்னரும் அவர்தம் சகாக்களும் இந்நோய்க்கும் நீலக்கல்நாருக்குமுள்ள தொடர்பை வெளிப்படுத்தினர். அந்நோயாளருட் சிலர் சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாதோர். சிறுவராக அதன் அயலில் வாழ்ந்தோர்.

வயிற்றறையில் தோன்றும் வகைக்கு ஒருகாலத்தில் மருந்துகள் அதிகம் உதவவில்லை. பெரும்பாலோர் ஓராண்டளவிலேயே இறந்தனர். பின்னர் வேறொரு முறை வந்தது. கண்ணுக்குப் புலனாகும் கட்டிகளைச் சவ்வோடு உரித்தெடுத்து, ஏறத்தாழ 42 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிய மருந்துத் திரவத்தை வயிற்றறையுள் ஒரு மணிநேரமளவு சுற்றியோட விடுகின்றனர். இரத்தவழியாகச் செல்லும் மருந்து இச்சவ்வைப் போதியளவு எட்டாமையே இதற்குக் காரணம். இவ்வாறு சிகிச்சை பெற்ற 405 நோயாளர் பற்றி 2009இல் வெளிவந்த ஆய்வில் இடைநிலை ஆயுள் 53 மாதங்கள்; ஐந்தாண்டு கடந்தோர் நூற்றுக்கு 47 பேர். நுரையீரற் சவ்வில் தோன்றும் நோய்க்கு, 2021இல் வெளிவந்த ஆய்வில், நோயெதிர்ப்பு மருந்துகள் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தும் இடைநிலை ஆயுள் 18 மாதங்களே.

எனினும் 53 என்ற எண்ணை அவதானமாகவே வாசித்தல் வேண்டும். நீண்ட சத்திரசிகிச்சையைத் தாங்கும் உடலும், அதைச் செய்யவல்ல மையத்தை அடையும் வாய்ப்பும் உடையோரின் எண் அது. வாய்ப்பற்றோர் அக்கணக்கிற்கு வெளியே இறக்கின்றனர். கல்முனையிலோ மருதமுனையிலோ வயிறு வீங்கி, நீர்கோத்து, உடல் மெலிந்து வரும் ஒருவருக்கு ஈரல் நோயோ வயிற்றறைக் காசநோயோ என்ற ஐயமே முதலில் எழும். சவ்வின் துண்டொன்றை எடுத்துச் சிறப்புச் சாயப் பரிசோதனை செய்தாலன்றி உண்மை புலப்படாது. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையோ 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை இக்கரையோர ஊர்களை அழித்தபோது உடைந்த சீற்றுகளும் இடிபாடுகளில் கலந்தன. இந்நோய் வெளிப்பட இருபது முதல் நாற்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்லும். சிலநாள் தூசினால் வரும் ஆபத்துச் சிறிது. வயிற்றறை வகை பெரும்பாலும் மிகுதியான தூசுக்கு உட்பட்டோரையே தாக்குகின்றது. ஆகவே கவனத்துக்குரியோர், ஆண்டாண்டாகச் சீற்றை வாளால் அறுத்துக் கூரை போடும் தொழிலாளரே. நீலக்கல்நார் இலங்கையில் 1987இலேயே தடைசெய்யப்பட்டது. எஞ்சிய வெண்கல்நாரின் வீரியம் குறைவெனினும், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எல்லா வகைகளையும் புற்றுநோய்க் காரணிகளாகவே வகுத்துள்ளது.

2024க்குள் கல்நாரை முற்றாக விலக்குவதென 2015இல் அரசு அறிவித்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களிலேயே கல்நார்த் தடை இடைநிறுத்தப்பட்டது. உலகுக்குக் கல்நாரைப் பெருமளவில் விற்கும் நாடும் ரஷ்யாவே. கொழுந்து பறிப்பவளின் உழைப்பும் கூரை வேய்பவனின் உடலும் ஒரே தராசில் வைக்கப்பட்டன; அவ்விருவரிடமும் எவரும் கேட்கவில்லை.

சீற்றை நனைத்துக் கைவாளால் அறுத்தால் தூசு குறையும். வயிறு வீங்கி வருபவரிடம் வைத்தியர், "என்ன தொழில் செய்தீர்கள்? கூரை வேலை எத்தனை ஆண்டு?" என்று கேட்டு எழுதிவைத்தால் காசநோயென்று கழியும் மாதங்களும் குறையக்கூடும்.