மண்ணின் மொழி

இரஷ்ய நாட்டின் வடமேற்கு மூலையில், பின்லாந்து வளைகுடாவின் தென்கரையை அடுத்து, இங்கிரியா என்னும் நிலப்பகுதி உள்ளது. அதன் மேற்கெல்லை எஸ்தோனிய நாட்டைத் தொடுவது. கிழக்கே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாநகரம் விளங்குகின்றது. சதுப்பும் காடும் விரவிய அந்நிலத்தில், உலூகா என்னும் ஆறு கடலொடு கலக்கும் இடத்தின் அருகே சிற்றூர்கள் சில உள்ளன. அவ்வூர்களைச் சார்ந்த முதியோர் ஒரு சிலருடைய நாவில் மட்டும் எஞ்சி நிற்பது வோத்திய மொழி.

பழைய இரஷ்ய ஏடுகள் அம்மொழி பேசிய மக்களை ‘வோத்’ என்று குறிக்கின்றன. அவர்களோ தம்மை ‘நிலத்து மக்கள்’ என்றும், தம் மொழியை ‘மாச்சேலி’ என்றும் சொல்லிக்கொண்டனர். ‘மா’ என்பது அவர்கள் மொழியில் நிலம். ‘சேலி’ என்பது நாவையும் மொழியையும் ஒருங்கே குறிக்கும் சொல். ஆகவே மாச்சேலி என்றால் மண்ணின் மொழி என்பது பொருள். இப்பெயர் மிகையன்று. இங்கிரியாவில் வாழ்ந்தனர் என்று அறியப்படும் குடிகளுள் மிகப் பழையோர் வோத்தியரே. நாவ்கொரட் நகரத்தின் ஆண்டுக்குறிப்பேடு, 1069ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு போரைக் கூறுமிடத்து இவர்களைச் சுட்டுகின்றது. பிற்காலத்தில் நாவ்கொரட் நாட்டை ஐந்து கூறுகளாகப் பகுத்து ஆண்டபொழுது, அவற்றுள் ஒன்று இம்மக்களின் பெயராலேயே வழங்கப்பெற்றது. ஒரு நாட்டின் ஐந்திலொரு கூற்றுக்குப் பெயர் தந்த குடி அது.

இரஷ்யருக்கிடையே வாழ்ந்தாலும் வோத்தியர் பேசியது இரஷ்ய மொழிக்கு உறவுடைய மொழியன்று. அது யூராலியக் குடும்பத்தைச் சார்ந்தது. பின்னிய மொழியும் எஸ்தோனிய மொழியும் அதற்கு உடன்பிறந்தன போல்வன. ஹங்கேரிய மொழி தொலைவான உறவினது.

இவ்வுடன்பிறப்பு மொழிகளோடு ஒப்பிட்டு நோக்கும்போதுதான் வோத்தியத்தின் தனித்தன்மை விளங்கும். பின்னிய மொழியில் கல்லுக்குக் ‘கிவி’ என்று பெயர். வோத்தியத்தில் அது ‘சிவி’. எஸ்தோனியர் மொழியைக் ‘கேல்’ என்பர். வோத்தியர் ‘சேலி’ என்பர். (இங்கே மொழிமுதற் சகரத்தைப் ‘பச்சை’ என்னும் சொல்லில் ஒலிப்பது போல வல்லோசையாக ஒலித்தல் வேண்டும்.) கை, சிற்றூர், பத்து முதலியவற்றைக் குறிக்கும் சொற்களிலும் இவ்வேறுபாடே காணப்படும். இகர எகரம் போன்ற முன்னுயிர்களைச் சொல்ல நா முன்னண்ணத்தை நோக்கி எழுகின்றது. அவற்றுக்கு முன் நிற்கும் ககரமும் அவ்விழுப்பிற்கு ஆட்பட்டுத் தன் பிறப்பிடத்தை விட்டு முன்னே வந்து சகரமாகின்றது. தமிழ் மாணவர்க்கு இஃது அரிய செய்தியன்று. தமிழில் ‘செவி’ எனப்படுவது கன்னடத்தில் ‘கிவி’ என வழங்கும். தமிழர் சிவப்பு என்னும் நிறத்தைக் கன்னடர் ‘கெம்பு’ என்பர். பழைய ககரத்தைக் கன்னடம் காத்தது, தமிழ் சகரமாக்கியது. அங்கே பின்னிய மொழி காத்ததை வோத்தியம் சகரமாக்கியது. ஒன்றையொன்று அறியாத இரு நிலங்களில் மாந்தர் நா ஒரே வழியில் இயங்கியமை வியக்கத்தக்கதே. ஆயினும் இதுகொண்டு இவ்விரு குடும்பத்து மொழிகளையும் உறவென்று துணிதல் கூடாது. ஒலிமாற்றத்திற்கு வாயின் அமைப்பே காரணம், உறவு காரணமன்று.

சகரமாகத் திரிந்த இம்மொழியே பிறிதோரிடத்தில் பழமையைப் பேணிற்று. பின்னியத்திலும் வோத்தியத்திலும் கால் என்னும் உறுப்பின் பெயர் ‘யல்க’ என்பது. ‘காலினது’ என்று வேற்றுமைப்படுத்தினால் பின்னிய மொழியில் ககரம் அறவே மறைந்து ‘யலன்’ என்றாகிவிடும். எஸ்தோனியத்திலும் அம்மெய் கெட்டுவிடும். வோத்தியத்திலோ அது கெடாது, ‘அகல்’ என்பதிற் போல மெல்லோசை பெற்று நிற்கும். தமிழில் ககரத்தின் வன்மையும் மென்மையும் அது நிற்கும் இடத்தால் அமைவன. பொருளை வேறுபடுத்துவன அல்ல. வோத்தியத்திலோ அம்மென்மையே வேற்றுமைக்கு அடையாளமாகவும் உதவுகின்றது. பல இலட்சம் மக்கள் பேசும் மொழிகள் இழந்துவிட்ட ஓர் ஒலியைச் சில நூறு குடிகள் பேசிய மொழி காத்து வைத்தது. அக்குடும்பத்தின் பழைய வரலாற்றை ஆராயும் அறிஞர் இச்சிறு மொழியைத் தேடிச் சென்றமைக்கு இத்தகைய சான்றுகளே காரணம்.

உயிரெழுத்துக்களின் இணக்கம் என்பது மற்றோர் இயல்பு. நாவின் முற்பகுதியிற் பிறக்கும் உயிர்கள் ஓரினம். பிற்பகுதியிற் பிறப்பன மற்றோரினம். பொதுவாக ஒரு சொல்லினுள் இவ்விரண்டும் கலவா. பகுதியில் எவ்வினம் உள்ளதோ அவ்வினத்து உயிரையே உருபும் ஏற்கும். ‘காலில்’ என்பது ‘யல்கஸ’ எனவும், ‘சிற்றூரில்’ என்பது ‘சுலெஸெ’ எனவும் வரும். உருபு ஒன்றே; சொல்லுக்குத் தக அதன் உயிர் மாறிற்று. (இவ்வொலிகளைத் தமிழெழுத்தால் முற்றும் காட்டல் அரிது, அண்மையான வடிவே இங்கே தரப்பட்டது.)

தமிழில் வேற்றுமை எட்டு. வோத்தியத்தில் ஏறக்குறைய பதினைந்து. ஒரு பொருளின் உள்ளே இருத்தல், உள்ளே புகுதல், உள்ளிருந்து வெளிப்படல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி உருபுகள் உண்டு. மேலே இருத்தலுக்கும் மேலே சேர்தலுக்கும் மேலிருந்து நீங்குதலுக்கும் வேறு மூன்று உண்டு. ‘ஊர் வரை’ என்பதிலுள்ள ‘வரை’யும் அங்கே ஓர் உருபே. இத்துணை நுட்பமாக இடத்தைப் பகுத்த மக்கள் அவன், அவள் என்னும் வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. இருபாலுக்கும் ஒரே சொல்லை வழங்கினர். ‘உடையேன்’ என்பதற்கு ஒத்த வினையும் அவர்களிடம் இல்லை. ‘என்னிடத்து உண்டு’ என்றே கூறுவர். எட்டும் ஒன்பதும் முறையே இரண்டு, ஒன்று என்னும் எண்ணுப்பெயர்களின் அடியாகப் பிறந்தவை. பத்துக்கு இரண்டு குறைவு, ஒன்று குறைவு என்பது கருத்து. எதிர்மறையைக் கூறும் முறையும் நோக்கத்தக்கது. தமிழில் ‘அல்லேன், அல்லை, அல்லன்’ என வருதல் போல, வோத்தியத்திலும் மறுத்தலுக்கென ஒரு சிறு வினை உண்டு. அது ‘என், எத், எப்’ எனத் தன்மை முன்னிலை படர்க்கைக்கு ஏற்ப ஈறு மாறும். மறுக்கப்படும் வினை ஈறின்றி அதனைத் தொடரும்.

இத்துணை வளமுடைய மொழி எவ்வாறு தேய்ந்தது? 1848ஆம் ஆண்டில் பீட்டர் கோப்பென் என்பார் எடுத்த கணக்கில் வோத்தியர் 5,148 பேர் இருந்தனர். 1926ஆம் ஆண்டின் குடிமதிப்பில் அவர் தொகை 705. 2010ஆம் ஆண்டில் 64. இம்மொழிக்கு எழுத்து வழக்கு ஒருபோதும் ஏற்பட்டதில்லை. வழிபாட்டு நெறியில் வோத்தியர் இரஷ்யரோடு ஒன்றுபட்டவர். அதனால் இரஷ்ய மொழி எளிதில் வீட்டினுள் புகுந்தது. பள்ளியும் இரஷ்ய மொழியிலேயே நடந்தது. 1930களில் அண்டை அயலாராகிய இங்கிரியரின் மொழிக்கு நெடுங்கணக்கும் பாடநூல்களும் சில ஆண்டுகள் வாய்த்தன. வோத்தியத்துக்கு அதுவும் வாய்க்கவில்லை. வீட்டு முற்றமே அதற்குப் பள்ளி. தாயர் நாவே நூல்.

அவ்வீடும் உலகப் போரிற் கலைந்தது. 1943ஆம் ஆண்டில் ஜெர்மானியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த வோத்தியர் பின்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர்ச் சோவியத்து நாட்டுக்குத் திரும்பியவர்க்குத் தம் ஊர் புக இசைவில்லை, தொலைவிடங்களிற் சிதறுண்டனர். ஆண்டுகள் பல கழித்து மீண்டவர் சிலரே. மீண்டவரும் தம் மக்களிடம் இரஷ்ய மொழியையே பேசினர். தாம் பட்ட துன்பம் தம் மக்களைத் தொடரலாகாது என்று பெற்றோர் எண்ணியிருப்பின் அவரைக் குறை கூறுதல் எளிதன்று.

இடம் பெயர்ந்ததனாலேயே மொழி அழியும் என்றும் கூறற்கில்லை. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லிவோனிய நாட்டுப் போர்மறவர் வோத்தியருட் சிலரைச் சிறைப்பிடித்து, இன்றைய இலட்வியாவிலுள்ள பௌஸ்கா என்னுமிடத்தில் குடியேற்றினர். கிரெவினியர் எனப்பட்ட அவர்கள் சுற்றிலும் வேற்றுமொழியாளர் சூழ நானூறு ஆண்டுக்காலம் தம் மொழியை விடாதிருந்து, 19ஆம் நூற்றாண்டிலேதான் இழந்தனர். ஒரே ஊரில் கூடி வாழ்ந்தமை அவர்களைக் காத்தது போலும். சிதறியவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

எழுதா மொழியை எழுதி வைத்தவர் பெரும்பாலும் பிற நாட்டாரே. பின்லாந்து நாட்டு அறிஞர் ஆல்க்விஸ்ட் 1856ஆம் ஆண்டில் முதல் இலக்கணத்தை வெளியிட்டார். எஸ்தோனியப் பேரறிஞர் பவுல் அரிஸ்தே 1942ஆம் ஆண்டு முதல் வோத்தியரிடம் அமர்ந்து கேட்டு எழுதி, 1948இல் ஓர் இலக்கணம் தந்தார். ஏழு தொகுதிகளாலாகிய பேரகராதி எஸ்தோனியாவில் 1990 முதல் 2011 வரை வெளிவந்தது.

இவர்களுக்கிடையே வோத்தியர் ஒருவரும் இருந்தார். அவர் பெயர் திமித்ரி ஸ்வெத்கோவ். உலூகா ஆற்றங்கரையை அடுத்த கிராகோலியே என்னும் ஊரில் 1890இல் பிறந்தவர். எஸ்தோனியாவின் தார்த்து நகரப் பல்கலைக் கழகத்திற் பயின்றவர். தம் ஊர்ச் சொற்களைத் திரட்டி அகராதி ஒன்று அமைத்தார். 1922ஆம் ஆண்டில், வோத்திய மொழியின் இலக்கணத்தை வோத்திய மொழியிலேயே எழுதினார். பெயர், வினை முதலியவற்றைக் குறிக்கத் தம் மொழியிலேயே சொற்கள் காணவேண்டிய அரும்பணி அது. எட்டாண்டு கழித்து அவர் மறைந்தார். அகராதி 1995ஆம் ஆண்டிலும், இலக்கணம் 2008ஆம் ஆண்டிலும் அச்சேறின. அந்த 2008ஆம் ஆண்டிலேயே இரஷ்ய அரசு தன் நாட்டுத் தொன்மையான சிறு குடிகளின் பட்டியலில் வோத்தியரின் பெயரையும் சேர்த்தது.