உங்களுக்குத் தெரியுமா? கறுப்பு காரின் வட்டக் கோடுகள் வட்டமே இல்லை!

கறுப்பு காரின் மேல் வெயில் பட்டதும் சிலந்தி வலைபோல் தெரியும் வட்டக் கோடுகள் பெரும்பாலும் வட்டமானவை அல்ல. எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும் நுண்ணிய கீறல்கள் அவை. ஒளிக்குக் குறுக்காக விழுந்த கீறல்கள் மட்டும் மின்னுவதால், வெளிச்சத்தைச் சுற்றி வளையங்களாகத் தோன்றுகின்றன. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள். வளையமும் கூடவே நகரும்!

• இந்தக் கீறல்கள் இருப்பது கறுப்பு பெயின்ட்டில் அல்ல, அதன் மேலுள்ள நிறமற்ற கிளியர் கோட்டில். அதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான்; தலைமுடியைவிட மெல்லிசு. ஒவ்வொரு பாலிஷுக்கும் அதில் கொஞ்சம் தேய்கிறது.

• பாலிஷ் போட்டு மறைந்த கீறல், நாலு தடவை கழுவியதும் திரும்ப வருகிறதா? பாலிஷில் உள்ள எண்ணெய் பள்ளத்தை நிரப்பி மறைத்திருக்கிறது. தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகும், குட்டு வெளிப்படும்.

• வெயிலில் அசைந்தாடும் மங்கலான ‘ஹாலோகிராம்’ பட்டைகள், ரோட்டரி பாலிஷ் மெஷின் விட்டுச்சென்ற தடங்கள். மென்மையான ஃபோம் பேட், நுண்ணிய பாலிஷ், டூயல் ஆக்‌ஷன் மெஷின் இருந்தால் நீக்கிவிடலாம்.

• பம்பரின் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாய் நிற்பது காய்ந்த பாலிஷ். முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

• பாலிஷ் வேலைக்கு நிழல்தான் சரி. சூடான பானெட்டில் பாலிஷ் சட்டென்று காய்ந்து, துடைக்க வராமல் அப்பிக்கொள்ளும்.