உஷார்! அம்மா ‘லேசா வழுக்கிடுச்சு’ என்கிறாரா?

“ஒண்ணும் இல்லப்பா, பாத்ரூம்ல லேசா வழுக்கிடுச்சு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.” வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் போனில் இப்படிச் சொல்லிவிட்டு, “நீ சாப்பிட்டியா?” என்று பேச்சை மாற்றிவிடுவார்கள் நம் அம்மாக்கள். தயவுசெய்து மாற்ற விடாதீர்கள். எங்கே வழுக்கியது, எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் தலை சுற்றியதா, இது முதல் தடவைதானா என்று கேளுங்கள். ஒருமுறை விழுந்த முதியவர் மறுபடியும் விழும் வாய்ப்பு இரு மடங்காகிறது. அடுத்த தடவை சுவர் கைக்கு எட்டாமல் போகலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறந்துபோகிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில். அதிலும் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். தமிழ்நாட்டில் 2021 மதிப்பீட்டின்படி மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இந்த வரிசையில் கேரளாவுக்கு அடுத்து நாம்தான். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்க, பெரியவர்கள் இருவர் மட்டுமே வசிக்கும் வீடுகள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

வயதான காலத்தில் இடுப்பு எலும்பு முறிந்தால், ஓராண்டுக்குள் ஐந்தில் ஒருவராவது இறந்துபோகிறார். பெரும்பாலும் எலும்பு முறிவு நேரடியாகக் கொல்வதில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பதால் வரும் நிமோனியா, காலில் உறையும் ரத்தக் கட்டி, படுக்கைப் புண் ஆகியவைதான் உயிரைக் குடிக்கின்றன. பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை.

என்னை அதிகம் பயமுறுத்துவது ஈரத் தரையைக்கூட இல்லை, நம் பாசம்தான். அம்மா ஒருதரம் தடுமாறினாலே வீட்டில் சட்டம் போட்டுவிடுகிறோம். மாடி ஏறாதீங்க, கோயிலுக்குப் போகாதீங்க, தண்ணியை நான் எடுத்துட்டு வரேன், நீங்க சும்மா உட்காருங்க. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் சும்மா உட்கார உட்கார தொடைச் சதை கரைகிறது. கணுக்கால் விறைக்கிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயம் மனதில் உட்கார்ந்துகொள்கிறது. காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்கத் தொடங்குகிறார்கள். அப்படித் தேய்த்து வைக்கும் கால்தான் நிலைப்படியில் இடித்து, மிதியடியின் ஓரத்தில் மாட்டி, ஆளைத் தள்ளிவிடுகிறது.

நாம் தடுமாறாமல் நிற்பதற்குக் கண், உள்காது, பாதத்தின் உணர்ச்சி மூன்றும் மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கேட்டுக் கால் தசைகள் சட்டென்று வேலை செய்ய வேண்டும். பல வருடச் சர்க்கரை நோயால் பாதம் மதமதத்துப் போனவருக்கு ஒன்று போய்விட்டது. அவரே கண்புரை அறுவை சிகிச்சையையும் தள்ளிப்போட்டவர் என்றால் இன்னொன்றும் போய்விட்டது. அவர் இரவு இரண்டு மணிக்கு, லைட் போட்டால் மற்றவர் தூக்கம் கெடுமே என்று இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து போகிறார். ஆபத்து எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட வேண்டியதில்லை. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் கேம்பெல், கிளேர் ராபர்ட்சன் ஆகியோரின் குழு 1990-களில் ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கியது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பார். பிறகு பெரியவரே செய்துகொள்ள வேண்டும். வாரம் மூன்று நாள், அரை அரை மணி நேரம், கால் தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி. கூடவே கொஞ்சம் நடை. முதலில் இதைச் சோதித்தது 80 வயதைத் தாண்டிய பெண்களிடம். அடுத்தடுத்து நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, விழுவதும் விழுந்து அடிபடுவதும் சுமார் 35 சதவீதம் குறைந்திருந்தன. எண்பது வயதுக் காலும் பயிற்சி கொடுத்தால் தேறும்.

உங்கள் வீட்டுப் பெரியவரின் நிலை என்ன? இன்றைக்கே பார்த்துவிடலாம். கனமான நாற்காலியில் உட்கார வையுங்கள். 10 அடி தூரத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்காரட்டும். நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே இருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் உஷாராகிவிட வேண்டும். இன்னொன்று: ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி, கோடு பிடித்தாற்போல் நிற்கச் சொல்லுங்கள். 10 விநாடி நிற்க முடியாவிட்டாலும் அதே எச்சரிக்கைதான்.

வீட்டுக்கு வரும் நல்ல பிசியோதெரபிஸ்ட் எப்படி வேலை செய்வார் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிறதா, கழிவறையில் எதைப் பிடித்து எழுகிறார் என்று கவனிப்பார். துண்டு போடும் கம்பியையோ தண்ணீர்க் குழாயையோ பிடித்து எழுகிறார் என்றால், அது என்றைக்காவது கையோடு வந்துவிடும். சுவரில் துளைபோட்டுக் கைப்பிடி பொருத்தச் சொல்வார். பிறகு பெரியவரைச் சமையலறை மேடை முன் நிறுத்துவார். மேடையை இறுகப் பற்ற விடமாட்டார். விரல் நுனி பட்டால் போதும். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது, விரல்களைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது, மேடையோரமாகப் பக்கவாட்டில் நண்டு நடை, பிறகு ஒற்றைக் காலில். கையால் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருவதும் உண்டு. தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. கொஞ்சம் ஆட்டம் கண்டால்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். அதனால் இரண்டு வாரத்தில் சுலபமாகிவிட்டால் கணுக்காலில் எடை கட்டி, பிடிமானத்தைக் குறைத்து, கடினமாக்கிக்கொண்டே போவார். பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மட்டும் இதைச் செய்யாதீர்கள். சாய்ந்தால் அதுவும் கூடவே வழுக்கிக்கொண்டு போகும்.

இன்னொரு விஷயத்திலும் ஏமாந்துவிடாதீர்கள். கரண்ட் வைப்பதும் சூடு வைப்பதும் எண்ணெய் தேய்த்து நீவி விடுவதும் வலிக்குச் சுகமாக இருக்கலாம். காலுக்குப் பலம் தராது. மாதக்கணக்கில் வீட்டுக்கு வந்து கரண்ட் மட்டும் வைத்துவிட்டுப் போகிறவரிடம், “எப்போ சார் நிக்க வெச்சுப் பயிற்சி கொடுப்பீங்க?” என்று கேட்டே விடுங்கள். “அப்பாதான் தினமும் வாக்கிங் போறாரே” என்பதும் போதாது. நடை மட்டும் விழுவதைத் தடுப்பதில்லை. ஏற்கெனவே தடுமாறுகிறவரை வேகமாக நடக்கச் சொன்னால் விழும் ஆபத்து கூடவும் செய்யும். முதலில் சமநிலை, பிறகு நடை. பயிற்சியைப் பாதியில் விட்டால் பலனும் போய்விடும். ஆறு மாதமாவது தொடர வேண்டும், அப்புறமும் கைவிடக் கூடாது.

மாத்திரைச் சீட்டையும் ஒருதரம் டாக்டரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகள், சர்க்கரையைத் தாழ்வாக இறக்கிவிடும் மருந்துகள் இவை எல்லாமே ஆளைத் தடுமாற வைக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால், எழுந்ததும் கண் இருட்டுவதற்குக் காரணம் அதுதான். படுக்கையிலிருந்து எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை ஆட்டிவிட்டு நிற்கப் பழக்குங்கள்.

எண்ணெய்க் குளியல் நாளில் பாதத்தில் தேய்க்க வேண்டாம். அல்லது துடைத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். அடி தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள். வேட்டி, புடவை தரையில் புரளக் கூடாது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவெல்லாம் சிறு விளக்கு எரியட்டும். மழைக்காலத்தில் கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

காசுக்கு எங்கே போவது என்று தயங்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளுடன் தேசிய மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு விழுந்துவிட்டால்? பதறிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். கட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்று நாள் கடத்தாதீர்கள். அறுவை சிகிச்சை ஓரிரு நாளுக்குள் நடந்தால்தான் நல்லது. வலியில்லை, கை கால் அசைகிறது என்றால், அவராகவே ஒருக்களித்து, முட்டிபோட்டுத் தவழ்ந்து, கட்டிலையோ கனமான நாற்காலியையோ பிடித்து, பலமான காலை முன்னே ஊன்றி எழட்டும். தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், வெளிக்காயமே இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளையைச் சுற்றி ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, சில வாரம் கழித்தும் தலைவலியாக, குழப்பமான பேச்சாக, ஓயாத தூக்கமாக வெளிப்படலாம். அப்போது, “போன மாசம் பாத்ரூம்ல விழுந்தாங்க” என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.