பார்த்துவிடுங்கள், பிரின்ட் இருக்கும்போதே!

இந்த வெள்ளிக்கிழமை எந்தப் படம் எந்தத் தளத்தில் வருகிறது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த வேலை நமக்கு வேண்டாம். பெயர் மட்டும் காதில் விழுந்து, பார்க்காமலே விட்ட தமிழ்ப் படங்கள் சிலவற்றை இந்த விடுமுறைக்கு எடுத்துக்கொள்வோம்.

முதலில் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). லோன், அப்ரூவல், கான்ட்ராக்டர் என்று அலைந்தவர்களுக்குப் பாதிப் படத்திலேயே வயிறு கலங்கும். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் சுதா, தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு வீடு கட்ட முனைகிறாள். அவ்வளவுதான் கதை. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. கட்டுமானத்தில் நடக்கும் திருட்டைத் தட்டிக் கேட்பது யார் தெரியுமா? அங்கே கூலிக்கு வந்த சித்தாள். அர்ச்சனாவுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். ஆனாலும் என் ஓட்டு தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதருக்குத்தான். பாதி எழும்பி நிற்கும் வீட்டைப் பார்க்கக் கையில் குடையோடு தனியாக வருகிறார். பூசாத சுவரைத் தடவிப் பார்க்கிறார். அறை அறையாகப் போய் நின்று பார்க்கிறார். பேச்சே இல்லை. ஆயுசு முழுக்க வாடகை கொடுத்த ஒரு மனிதரை அந்தச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். பின்னாலேயே ‘சந்தியா ராக’த்தையும் போட்டுவிடுங்கள், அதிலும் அவர்தான்.

வீட்டில் இளவட்டங்கள் இருந்தால் ‘நடு இரவில்’ (1970). வீணை எஸ்.பாலசந்தர் என்றதும் எல்லோரும் ‘அந்த நாள்’ பற்றியே பேசுவார்கள். இதை அநேகமாக யாரும் சொல்வதில்லை. தீவு பங்களாவில் கூடும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அகதா கிறிஸ்டி சாயல் தூக்கலாகவே தெரியும், தெரிந்தால் என்ன? கொலையாளி யார் என்று வீட்டுக்குள் பந்தயம் கட்டிப் பார்க்கத் தோதான படம்.

சிறந்த இந்தியப் படத்துக்கான தேசிய விருதை முதன்முதலில் வாங்கிய தமிழ்ப் படம் ‘மறுபக்கம்’ (1991). இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ கதையை சேதுமாதவன் படமாக்கினார். படுத்த படுக்கையாகிவிட்ட அப்பா, அவரைப் பார்க்க வரும் மகன், மெல்ல வெளியே வரும் பழைய குடும்பக் கணக்கு. சிவகுமாரை இப்படி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்க’ளையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். கரிசல் காட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் கதை.

பழைய படம், மெதுவாகப் போகும் என்பார்கள் சிலர். போகட்டும். என் கவலை வேறு.

தேடி எடுத்துப் போட்டால் திரையில் வருவது என்ன? எப்போதோ டிவியில் பதிந்த நாடாவிலிருந்து எடுத்த நகலின் நகல். மூலையில் ஒரு லோகோ. வசனத்தின் நடுவில் படம் துள்ளும். சதுரமாக எடுத்த படத்தை அகலத் திரைக்காக இழுத்துவிட்டால் நடிகை இரண்டு சுற்றுப் பெருத்துத் தெரிவார். மேலும் கீழும் வெட்டிவிட்டால் தலை போய்விடும். உங்கள் டிவியே அப்படி இழுக்கிறது என்றால் ரிமோட்டில் படத்தின் அளவை நாலுக்கு மூன்று என்று மாற்றுங்கள்.

நகல் மோசம் என்றால் மூலத்திலிருந்து எடுக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் வயிற்றெரிச்சல். பிலிம் என்பது வெக்கையும் ஈரமும் ஆகாத பொருள். நம் ஊரில் இரண்டும் தாராளம். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் உள்ளே இருப்பது சுருங்கி மடங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கலர் பிரின்ட் என்றால் நீலமும் பச்சையும் போய் எல்லாம் சிவந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படச்சுருளை வெள்ளிக்காகவே கரைத்துவிட்ட காலமும் இருந்தது. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று யாரிடமும் இல்லை. அது தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய சமாசாரம், விடுங்கள். ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ நெகடிவ்கள் அழிந்துவிட்டன என்று பாலு மகேந்திராவே தன் கடைசிக் காலத்தில் புலம்பியிருக்கிறார். விருது வாங்கிய, நேற்றைக்கு வந்த படங்களுக்கே இந்தக் கதி.

‘கர்ணன்’ 2012-ல் டிஜிட்டலாகப் புதுப்பிக்கப்பட்டு தியேட்டருக்கு வந்து நன்றாக ஓடியது. சந்தோஷம். அதில் நட்சத்திரம் உண்டு, போட்ட காசு திரும்பி வரும். சொக்கலிங்க பாகவதர் சுவரைத் தடவுவதைத் தூசி தட்டிக் கொடுக்க எந்த வியாபாரி வருவார்?

ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு விசிடி கடை இருந்ததே, அப்போது இவற்றில் சில வட்டுகளாகவும் வந்தன. உங்கள் வீட்டுப் பரணிலும் ஓர் அட்டைப்பெட்டி கிடக்கும். பழைய பேப்பர்காரரிடம் மொத்தமாகத் தள்ளிவிடுவதற்கு முன் ஒவ்வொரு உறையையும் திருப்பிப் படித்துப் பாருங்கள். மேலே சொன்ன பெயர் ஏதாவது அகப்பட்டால், வட்டு ஓடும்போதே கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.