ஒரு கோப்பை, மூன்று நாடுகள்: பங்கிட்டால் பாரம் குறையுமா?

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி முதன்முதலாக 1930 இல், தென் அமெரிக்காவிலுள்ள உருகுவே நாட்டில் நடைபெற்றது. கலந்துகொண்ட அணிகள் 13, ஆட்டங்கள் 18. அத்தனை ஆட்டங்களும் மாண்டிவிடியோ என்ற ஒரே நகரில் நடந்து முடிந்தன. 2026 ஆம் ஆண்டுப் போட்டிக்கு வகுக்கப்பட்ட திட்டத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அணிகள் 48, ஆட்டங்கள் 104, நகரங்கள் 16. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 11 நகரங்கள், மெக்சிகோவில் 3, கனடாவில் 2. மூன்று நாடுகள் சேர்ந்து உலகக் கோப்பையை நடத்துவது என்பது இதற்கு முன் இல்லாத ஏற்பாடு.

ஒரு நாடே நடத்திவந்த விழாவைப் பல நாடுகள் பங்கிட்டுக்கொள்வது ஏன்? ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்று நாம் எளிதாக விடை சொல்லிவிடலாம். ஆனால் இந்தத் தேர் சற்று விசித்திரமானது. சில வகையில் பங்கிட்டால் பாரம் குறைகிறது. வேறு சில வகையில் பங்கிட்டால் பாரம் கூடியும் போகிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஆட்டங்களின் கணக்கு

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு பிரிவில் நான்கு அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்று அணிகளோடு ஒருமுறை மோதவேண்டும். அப்படியானால் மொத்தம் எத்தனை ஆட்டங்கள்? 4 ஐ 3 ஆல் பெருக்கினால் 12. ஆனால் முதல் அணி இரண்டாம் அணியோடு ஆடுவதும், இரண்டாம் அணி முதல் அணியோடு ஆடுவதும் ஒரே ஆட்டம்தானே? ஆகவே பாதியாக்க வேண்டும். விடை 6.

1998 இல் பிரான்சில் நடந்த போட்டியில் 32 அணிகள், 8 பிரிவுகள். எனவே பிரிவு ஆட்டங்கள் 48. அதன்பின் எஞ்சிய 16 அணிகளுக்கு, தோற்றவர் வெளியேறும் முறை. ஓர் ஆட்டத்தில் ஓர் அணி வெளியேறுவதால், 16 இல் ஒன்று மட்டும் மிஞ்சுவதற்கு 15 ஆட்டங்கள் தேவை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் ஒன்று. ஆக மொத்தம் 64.

2026 இன் திட்டத்தில் 12 பிரிவுகள். பிரிவு ஆட்டங்கள் 72. அடுத்த கட்டத்துக்கு 32 அணிகள் செல்கின்றன. அவர்களுக்கு 31 ஆட்டங்கள். மூன்றாம் இடத்துக்கு ஒன்று. கூட்டினால் 104. அணிகள் ஒன்றரை மடங்காகும்போது ஆட்டங்கள் அதற்கும் மேலாகப் பெருகுவதைக் கவனித்தீர்களா? ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குறைந்தது 40,000 பேர் அமரக்கூடிய அரங்கு வேண்டும். பயிற்சி மைதானங்கள், விடுதிகள், விமான நிலையங்கள், காவல் ஏற்பாடு எல்லாம் வேண்டும். இவ்வளவையும் தனியே தாங்கக்கூடிய நாடுகள் உலகில் மிகச் சிலவே.

பாதியாகாத சுமை

கூட்டாக நடத்துவது சிறிய நாடுகளுக்கு எவ்வாறு உதவும் என்பதற்கு ஐரோப்பியக் கோப்பை ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 2000 இல் அதைப் பெல்ஜியமும் நெதர்லாந்தும் சேர்ந்து நடத்தின. 16 அணிகள், 31 ஆட்டங்கள். நாட்டுக்கு நான்காக எட்டு அரங்குகள் போதுமானவையாக இருந்தன. இரண்டும் அடுத்தடுத்த நாடுகள். நகரங்களுக்கிடையே தூரமும் குறைவு. இங்கே பாரம் உண்மையிலேயே பங்கிடப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2002 இல், கொரியக் குடியரசும் ஜப்பானும் உலகக் கோப்பையை நடத்தின. ஆசியாவில் நடந்த முதல் உலகக் கோப்பையும், இரு நாடுகள் சேர்ந்து நடத்திய முதல் உலகக் கோப்பையும் இதுவே. தொடக்க ஆட்டம் சியோலில். இறுதி ஆட்டம் யோகோஹாமாவில். உண்மையில் இவ்விரு நாடுகளும் தனித்தனியாகத்தான் வாய்ப்புக் கேட்டிருந்தன. 1996 மே மாதத்தில், ஃபிஃபா எனப்படும் பன்னாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் இருவரும் சேர்ந்து நடத்தட்டும் என்று முடிவு செய்தது.

அதன் விளைவு என்ன? பிரான்சு 64 ஆட்டங்களை 10 அரங்குகளில் நடத்தி முடித்தது. அதே 64 ஆட்டங்களுக்குக் கொரியாவில் 10, ஜப்பானில் 10 என 20 அரங்குகள் பயன்பட்டன! ஓர் அரங்கிற்குச் சராசரியாக மூன்று ஆட்டங்கள்தாம் கிடைத்தன. ஆட்டங்கள் பாதியாயின, அரங்குகள் பாதியாகவில்லை. ஒரு மாத விழா முடிந்துவிடும். ஆனால் அரங்கைப் பராமரிக்கும் செலவு ஆண்டுதோறும் தொடரும். அதைச் சுமப்பவர்கள் அந்தந்த ஊர் மக்களே.

நகரும் புல்வெளி

இருப்பினும் 2002 போட்டிக்காகக் கட்டப்பட்ட அரங்குகளில் ஒன்று பொறியியலில் ஓர் அற்புதம் எனலாம். அது ஜப்பானின் வடக்கே, பனி மிகுந்த சப்போரோ நகரில் உள்ளது. பனியின் காரணமாக அரங்கிற்கு நிரந்தரக் கூரை தேவை. கூரை போட்டால் வெயில் படாது. வெயில் படாவிட்டால் புல் வளராது. இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? மைதானத்தையே வெளியில் வளர்த்தார்கள்! சுமார் 8,300 டன் எடையுள்ள புல்வெளியை, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி, சக்கரங்களின் மேல் விழும் எடையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, ஆட்டத்திற்கு முன் மெல்ல உள்ளே நகர்த்தினார்கள்.

2026 க்காக வேறொரு வழி ஆராயப்பட்டது. அமெரிக்காவின் பல பெரிய அரங்குகளில் வழக்கமாக இருப்பது செயற்கைத் தரை. உலகக் கோப்பைக்கோ உயிருள்ள புல் வேண்டும். டென்னசி பல்கலைக்கழகமும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் இதில் ஆய்வு நடத்தின. நெகிழித் தாளின் மேல் மணலைப் பரப்பிப் புல்லை வளர்ப்பது ஒரு முறை. வேர்கள் கீழே இறங்க முடியாமல் பக்கவாட்டில் ஓடிப் பாய்போலப் பின்னிக்கொள்ளும். பிறகு அதனைச் சுருட்டி, அரங்கிற்குக் கொண்டுசென்று விரிக்கலாம். கூரையின் கீழே வெயிலுக்குப் பதில் மின்விளக்கு.

கட்டடம் மிச்சம், தூரம் அதிகம்

2026 ஏற்பாட்டில் ஒரு பெரிய நன்மை உண்டு. 16 அரங்குகளும் முன்பே இருந்தவை; இந்தப் போட்டிக்கென்று புதிதாக ஓர் அரங்கும் கட்டப்படவில்லை. 2002 இல் கூடிய செலவு இங்கே கூடவில்லை. ஆனால் கட்டடத்தில் மிச்சமானது வேறு வடிவில் திரும்பி வருகிறது. அதுதான் தூரம். கனடாவின் வான்கூவரிலிருந்து அமெரிக்காவின் மயாமிக்கு நேர்கோட்டில் சுமார் 4,500 கிலோமீட்டர். விமானங்களை விட்டால் வேறு வழியில்லை. விமானம் எரிக்கும் எரிபொருளோ காற்றில் கரியமில வாயுவைச் சேர்க்கிறது.

தூரத்தோடு நேரமும் மாறுகிறது. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்வதால், 15 டிகிரிக்கு ஒரு மணி நேர வேறுபாடு. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் ஒரே நேரம். எனவே 2002 இல் இந்தத் தொல்லை இல்லை. 2026 நகரங்களிலோ வான்கூவரில் இரவு 9 மணி என்றால் மயாமியில் நள்ளிரவு 12. மேற்கிலிருந்து கிழக்கே செல்லும் வீரர் படுக்கைக்குப் போகும்போது அவருடைய உடல் இன்னும் மாலையில்தான் இருக்கும்! நம் உடலின் இயற்கைக் கடிகாரம் 24 மணியைவிடச் சற்று நீண்டது. ஆகவே பகலை நீட்டுவதைவிடச் சுருக்குவது அதற்குக் கடினம். இதை உணர்ந்தே நகரங்களை மேற்கு, மத்தி, கிழக்கு என மூன்று வட்டாரங்களாக வகுத்து, பிரிவு ஆட்டங்களில் அணிகள் கூடியவரை ஒரு வட்டாரத்துக்குள் ஆடும்படி அட்டவணை அமைத்தார்கள்.

உயரமும் வெப்பமும்

தொடக்க ஆட்டத்துக்குரிய மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1013 மில்லிபார் என்றால், அங்கே சுமார் 780 தான். காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு என்பது அங்கும் மாறுவதில்லை. ஆனால் காற்றே அடர்த்தி குறைந்திருப்பதால், ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகிவிடுகிறது. உடல் அதற்குப் பழகிச் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். இரண்டு நாள் முன்னதாக வந்திறங்கும் அணிக்கு அந்த அவகாசம் ஏது? பந்தும் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. காற்றின் தடை குறைவதால் வேகமாகச் செல்லும். சுழற்றி அடித்தாலும் குறைவாகவே வளையும். கோல் காப்பாளரின் கணிப்பு தவறிவிடக்கூடும்.

கீழே இறங்கினால் வேறொரு சோதனை. ஓடும்போது தசை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இயக்கமாகிறது, மீதி வெப்பம். வியர்வை ஆவியாகும்போதுதான் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி வெளியேறும். மயாமி போன்ற கடலோர ஊர்களில் ஜூன், ஜூலை மாதங்களில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழியும், ஆனால் உலராது. உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். அதனால்தான் 2026 போட்டியில் ஒவ்வோர் ஆட்டத்தின் இரு பாதிகளிலும் நீர் அருந்த மூன்று நிமிட இடைவேளை உண்டு என்று 2025 டிசம்பரில் ஃபிஃபா அறிவித்தது.

எதைப் பங்கிட்டார்கள்?

இனி நீங்களே முடிவுக்கு வரலாம். எத்தனை நாடுகள் சேர்ந்து நடத்துகின்றன என்பது முக்கியமன்று. எதைப் பங்கிட்டுக்கொண்டன என்பதே முக்கியம். அருகருகே உள்ள நாடுகள், இருக்கும் அரங்குகளைக் கொண்டு நடத்தினால் எல்லாருக்கும் நன்மை. பெருமையை மட்டும் பங்கிட்டு, கட்டடங்களை இரட்டிப்பாக்கினால் ஊராருக்குச் செலவு. நிலப்பரப்பை விரித்துக்கொண்டே போனால் அந்தச் செலவை வீரரின் உடலும் நாம் சுவாசிக்கும் காற்றும் ஏற்கவேண்டி வரும்.

2030 ஆம் ஆண்டுப் போட்டியை மொராக்கோ, போர்ச்சுகல், ஸ்பெயின் ஆகிய நாடுகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நூற்றாண்டு நினைவாக உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே ஆகியவற்றிலும் ஓர் ஆட்டம் வீதம் நடத்துவது திட்டம். இடையே இருப்பது அட்லாண்டிக் பெருங்கடல்! ஓர் உலக உருண்டையையும் ஒரு நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாண்டிவிடியோவிலிருந்து மாட்ரிடுக்கு நூலைப் பிடித்து, உருண்டையின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்று கொண்டு தூரத்தைக் கணக்கிடுங்கள். பிறகு வான்கூவர் – மயாமி தூரத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். தேர் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை அந்த நூலே உங்களுக்குச் சொல்லிவிடும்.