பல் போனால்… – 9: வலி நின்றுவிட்டதா, பல் செத்துவிட்டதா?

சொத்தை எனாமலைத் துளைத்து, டென்டினையும் கடந்து, உள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கும் பல்கூழைத் தொட்ட இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கடைவாய்ப் பல்லில் இது நடந்தால் ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிவந்த கண், கன்னத்தில் கை.

பகலில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க முடிந்த வலி, படுத்ததும் ஏன் தெறிக்கிறது? உடம்பில் வேறெங்கே புண் வந்தாலும் அந்த இடத்துக்கு வீங்க வசதி உண்டு. பல்கூழுக்கு அது இல்லை. சுற்றிலும் கெட்டிச் சுவர். அழுத்தம் மொத்தமும் நரம்பின் மேல்தான் இறங்கும். படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டத்தின் அழுத்தம் கூடுவதால் வேதனை இன்னும் ஏறும்.

பிறகு ஒரு நாள் வலி தானாகவே நின்றுவிடும். கிராம்புத் தைலம் கேட்டுவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். உண்மையில் கூழ் செத்திருக்கும். கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்கு இறங்கத் தொடங்கியிருக்கும். சில மாதம் கழித்து ஈறில் சின்னக் கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வரும்.

பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற ரூட் கெனால்தான் வழி. மரத்துப்போக ஊசி போட்டு, எச்சில் உள்ளே போகாதபடி ரப்பர் ஷீட்டை மாட்டி, பல்லின் மேல்பக்கம் துளை போடுவார்கள். (கூழ் கொதித்துக்கொண்டிருக்கும்போது போனால் கீழ்த்தாடையில் ஊசி லேசில் பிடிக்காது. டாக்டரைத் திட்டிப் பயனில்லை.)

இதற்குப் பிறகுதான் நுணுக்கம். ஆறு வயதில் முளைக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் பெரும்பாலும் இரண்டு. வேருக்குள் கூழ் ஓடும் கால்வாயோ மூன்று, சிலருக்கு நான்கு. மேல்பல்லில் நான்காவது கால்வாய் ஒளிந்துகொண்டு ஆட்டம் காட்டும். அதை விட்டுவிட்டால் கிருமி அங்கேயே குடியிருக்கும். கூழைச் சுரண்டி எடுக்க இந்தச் சந்துகளில் முதலில் நுழையும் ஊசி போன்ற அரத்தின், அதாவது ஃபைலின், நுனி 0.10 மில்லிமீட்டர்தான். அமெரிக்காவின் எட்வர்ட் மேனார்ட் 1838இல் இப்படியொரு கருவியைக் கடிகார ஸ்பிரிங்கைத் தேய்த்துச் செய்தார். இன்று நிக்கல்-டைட்டானியம் ஃபைல் வளைந்த வேருக்குள் வளைந்தே போகிறது. ஆனாலும் ஃபைல் தொடாத மூலைகள் உண்டு. அவற்றுக்காகத்தான் சோடியம் ஹைப்போகுளோரைட்டைத் திரும்பத் திரும்ப ஊற்றிக் கழுவுகிறார்கள். நாற்காலியில் இருக்கும்போது மூக்கில் ஏறும் பிளீச்சிங் வாடை அதுதான். என்னைக் கேட்டால், இப்படிக் கழுவ எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் டாக்டரின் தரம் தெரியும்.

சுத்தமான கால்வாயை அடைப்பது கட்டா பெர்ச்சா. மலேயாக் காடுகளின் மரப்பால். 1858இல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாகப் போனதும் இதுவே.

அடைத்தாயிற்று, வலியும் இல்லை. 'கேப் அப்புறம் பார்த்துக்கலாம் டாக்டர்' என்று கிளம்பிவிடுகிறவர்கள் ஏராளம். ஏற்கெனவே சொத்தை தின்றது போக, துளையும் போட்ட பல். முறுக்கு கடிக்கையில் பிளந்துவிடலாம். விரிசல் நெடுக வேருக்குள் இறங்கிவிட்டால் பிடுங்குவதுதான். கேப் உலோகமா, செராமிக்கா, சிர்கோனியாவா என்ற கேள்வியை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)